சறுக்கினால்தான் காசு

மருந்துக்கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் கோப்பை அது. மூடி போட்டது. பக்கவாட்டில் சூட்டைக் காட்டும் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும்; சிறுநீர் இப்போதுதான் கழித்ததா, எங்கிருந்தோ ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றியதா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். உட்புறத்தில் வரிசையாகக் காகிதப் பட்டைகள்: ஹெராயின் வகைக்கு ஒன்று, கொகெய்னுக்கு ஒன்று, கஞ்சாவுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கோடு தெரியும். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறான கணக்கு இது. இரண்டாவது கோடு விழுந்தால் ஆள் சுத்தம். விழாவிட்டால் போதை எடுத்திருக்கிறார்.

2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில் இந்தக் கோப்பையோடு வேலை முடிந்துவிடவில்லை. பட்டை சொன்னது போதாதென்று அதே சிறுநீர் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொரு ரசாயனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, தனித்தனியாகவே பில் போடுவார்கள். ஒரே ஆளுக்கு வாரம் மூன்று முறை. ஒரு முறைக்கான பில் ஆயிரக்கணக்கான டாலரைத் தொட்டதும் உண்டு. போதை சிகிச்சைத் தொழிலில் இருந்தவர்கள் சிறுநீருக்கு வைத்த பெயர் ‘திரவத் தங்கம்’.

தங்கம் விளைகிற இடத்தில் என்ன நடக்குமோ அது அங்கும் நடந்தது. தடுக்க மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் போட்டன. கொள்ளையடித்தவர்களை அந்தச் சட்டங்கள் என்ன செய்தன, ஒழுங்காகச் சிகிச்சை மையம் நடத்தியவர்களை என்ன செய்தன என்று பார்த்தால் இரண்டுக்கும் விடை ஒரே மாதிரி இல்லை.

இதில் வேடிக்கை, எல்லாமே நல்ல சட்டங்களிலிருந்து தொடங்கியது என்பதுதான். 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இதய நோய்க்கும் எலும்பு முறிவுக்கும் எப்படிக் காப்பீடு கொடுக்கிறீர்களோ, மனநோய்க்கும் போதை நோய்க்கும் அதே அளவில் கொடுங்கள் என்றது அது. 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்றது. ஏற்கனவே நோய் இருக்கிறது என்று காரணம் காட்டி எந்த நிறுவனமும் விலக்கக் கூடாது என்றது. போதை சிகிச்சையை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. ‘கெட்டுப்போனவன்’ என்று ஒதுக்கப்பட்டவரை ‘நோயாளி’ என்று ஏற்றுக்கொண்ட சட்டங்கள் இவை. இவற்றைக் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் காசு எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்பதையும் இவைதான் தீர்மானித்தன. ஓஹையோவிலோ நியூஜெர்ஸியிலோ ஹெராயின் பழக்கத்தில் சிக்கிய 22 வயதுப் பையன் ஒருவன் கையில் இப்போது அப்பாவின் காப்பீட்டு அட்டை இருந்தது. எத்தனை முறை சிகிச்சைக்குப் போனாலும் அது செல்லும். பையன் எங்கே போனான்? வெயிலும் கடலும் உள்ள ஃபுளோரிடாவுக்கு.

ஃபுளோரிடாவுக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரமும் உண்டு. 2010இல் ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரையைத் தங்கள் கிளினிக்கிலேயே அதிக அளவில் விற்ற டாக்டர்கள் என்று நாடு முழுவதிலும் 100 பேரைப் பட்டியலிட்டபோது, 98 பேர் ஃபுளோரிடாக்காரர்கள். இப்படி மாத்திரை விற்ற கிளினிக்குகளை 2011இல் மாநில அரசு சட்டம் போட்டு மூடியது. மாத்திரை கிடைக்காமல் போனவர்கள் பலர் ஹெராயினுக்கு மாறினார்கள். நோயை விற்ற மாநிலமே மருந்தையும் விற்கத் தொடங்கியது என்று சொன்னால் கொஞ்சம் கடுமைதான், பொய்யில்லை.

பாம் பீச் மாவட்டத்தில் டெல்ரே பீச் என்றொரு சிறிய கடற்கரை நகரம். போதையிலிருந்து மீண்டவர்கள் பல ஆண்டுகளாக அங்கே கூடி வாழ்ந்து வந்தார்கள். 2007இலேயே நியூயார்க் டைம்ஸ் அந்த ஊரை நாட்டின் போதை மீட்புத் தலைநகரம் என்று எழுதியது. அப்போது அது பாராட்டு. பத்து வருடத்தில் அது வசையாக மாறிவிட்டது.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மோசடி புரியும். முதலில் உடம்பிலிருந்து போதையை இறக்குவார்கள். கை நடுக்கமும் வாந்தியும் உடல்வலியுமாக ஒரு வாரம் போகும். அடுத்து மையத்திலேயே தங்கி ஒரு மாதம். பிறகு வெளிநோயாளியாக வாரத்தில் சில நாள், நாளுக்குச் சில மணி நேரம் ஆலோசனை. இந்தக் கடைசிக் கட்டம்தான் நீளமானது. அந்தச் சமயத்தில் பழைய ஊருக்கும் பழைய நண்பர்களிடமும் திரும்பினால் பழக்கமும் திரும்பிவிடும் என்பதால், ‘சோபர் ஹோம்’ எனப்படும் வீடுகளில் தங்குவார்கள். சாதாரணக் குடியிருப்புத் தெருவில் சாதாரண வீடு. ஏழெட்டுக் கட்டில், ராத்திரி இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற விதி, சமையல் முறைவைத்து, வாரவாடகை. அங்கே டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. போதை தொடாமல் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் இடம், அவ்வளவே.

இங்கேதான் ஓட்டை. வெளிநோயாளி சிகிச்சைக்குக் காப்பீடு தாராளமாகப் பணம் தரும். சோபர் ஹோம் வாடகைக்குத் தராது. வீட்டுக்காரரிடம் ஆள் இருக்கிறது, பில் போட வழியில்லை. சிகிச்சை மையத்திடம் பில் புத்தகம் இருக்கிறது, ஆள் வேண்டும். இரண்டு பேரும் கை கோத்தார்கள். உன் வீட்டு ஆள்களை என் மையத்துக்கு வேனில் அனுப்பு, ஒரு தலைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. கணக்கில் அதற்கு ‘மேற்பார்வைக் கட்டணம்’ என்பது போல ஏதாவது பெயர். வீட்டுக்காரர் வாடகையைத் தள்ளுபடி செய்துவிட்டு நோயாளியை வளைத்துப் பிடிப்பார். வாடகை இலவசம், சிகரெட் இலவசம், ஜிம் இலவசம், சில இடங்களில் செல்போனும் இலவசம்.

இன்ஜினியரிங் காலேஜுக்கு ஆள்பிடித்துத் தரும் புரோக்கரைத் தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரியும். டெல்ரேயில் அதே ஆள் ரயிலடியிலும் போதை மீட்புக் கூட்டங்களின் வாசலிலும் நின்றார். காலேஜ் புரோக்கருக்கு ஒரு பையனை ஒரு முறைதான் விற்க முடியும். இவர் அதே பையனைத் திரும்பத் திரும்ப விற்றார். ஏனென்றால் பையன் மூன்று மாதம் சுத்தமாக இருந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் குறைத்துக்கொள்ளும். மறுபடி ஊசி போட்டுக்கொண்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்: போதை இறக்க ஒரு வாரம், தங்க ஒரு மாதம், பிறகு வேன், பிறகு கோப்பை. சுத்தமாக இருப்பவனை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இழுக்கவும், சில சமயம் கையில் காசைத் திணித்துப் ‘போய்ப் போட்டுக்கொண்டு வா’ என்று அனுப்பவும் ஆள்கள் இருந்தார்கள். இந்தச் சுற்றுக்குப் பெயர் ‘ஃபுளோரிடா ஷஃபிள்’. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல ஆள்களைக் கலைத்துப் போடுவது.

ஹெராயினில் அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் கலந்துவர ஆரம்பித்திருந்த காலம் அது. பல வாரம் சுத்தமாக இருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. பாம் பீச் மாவட்டத்தில் மட்டும் 2016இல் இந்த வகைப் போதையால் செத்தவர்கள் 500 பேருக்கு மேல்.

கென்னத் சாட்மேன் வழக்கு இந்தத் தொழிலின் அடிமட்டத்தைக் காட்டியது. பாம் பீச்சிலும் பக்கத்து ப்ரோவர்ட் மாவட்டத்திலும் சோபர் ஹோம்களும் சிகிச்சை மையங்களும் நடத்தியவர். ஏற்கனவே குற்றத் தண்டனை பெற்றிருந்ததால் மையத்துக்கான லைசென்ஸை அவர் பெயரில் வாங்க முடியாது. மனைவி பெயரில் வாங்கினார். வீடுகளில் போதைப் பழக்கம் தடையின்றி நடந்தது. தங்கியிருந்த பெண்களில் சிலரைப் பாலியல் தொழிலில் தள்ளினார். 2017 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு இருபத்தேழரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. லைசென்ஸ் கொடுத்த அலுவலகம் இத்தனை நாள் என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றும். பேப்பரில் இருந்தது மனைவியின் பெயர். பேப்பரைத் தாண்டிப் பார்க்க அந்த அலுவலகத்துக்கு அதிகாரமும் குறைவு, ஆளும் குறைவு.

ஊர்க்காரர்களுக்கு எரிச்சல் மூண்டது. தெருவில் சோபர் ஹோம் வேண்டாம் என்று நகராட்சிகள் விதி போட்டுப் பார்த்தன. செல்லவில்லை. போதையிலிருந்து மீள்பவர் அமெரிக்கச் சட்டப்படி மாற்றுத்திறனாளி. அவர் குடியிருக்கும் உரிமையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. ‘ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ்’ என்ற அமைப்பு 1975இல் மேரிலாந்தில் ஒரே வீட்டில் தொடங்கியது. நிர்வாகியும் முதலாளியும் கிடையாது. தங்கியிருப்பவர்களே வாடகையைப் பகிர்ந்து, ஓட்டுப் போட்டு ஆளைச் சேர்ப்பார்கள், போதை எடுத்தவரை வெளியேற்றுவார்கள். அந்த அமைப்பின் வீடு ஒன்றை எதிர்த்து எட்மண்ட்ஸ் நகரம் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995இல் நகரம் தோற்றது. ஃபுளோரிடாவிலேயே போகா ரேட்டன் நகரின் விதியை 2007இல் நீதிமன்றம் பாகுபாடு என்றது. ஆக, வீட்டைத் தொட முடியாது. தொட்டால் நல்ல வீடும் சேர்ந்து இடியும். அந்தப் பாதுகாப்பு தேவையான பாதுகாப்புதான்.

வீட்டைத் தொடாமல் வீட்டுக்கு வரும் பணத்தைத் தொடலாம் என்பதை ஃபுளோரிடா மெல்லக் கண்டுபிடித்தது. 2015இல் ஒரு சட்டம் வந்தது. சோபர் ஹோம்கள் விரும்பினால் தரச்சான்று வாங்கலாம், கட்டாயமில்லை என்றது. கேட்பதற்குப் பல்லில்லாத சட்டம். ஆனால் கூடவே இன்னொரு வரி: லைசென்ஸ் உள்ள சிகிச்சை மையம் எதுவும் சான்றில்லாத வீட்டுக்குத் தன் நோயாளியை அனுப்பக் கூடாது. வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாத அரசு, அனுப்புகிறவரின் கையைக் கட்டியது. சான்று தரும் பொறுப்பு ஃபுளோரிடா மீட்பு இல்லங்கள் சங்கத்துக்கு வந்தது.

2016 கோடையில் பாம் பீச் மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் டேவ் ஏரன்பெர்க் ஒரு தனிப்படை அமைத்தார். போலீஸ், காப்பீட்டு அதிகாரிகள், சிகிச்சைத் துறையினர், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் என்று எல்லோரிடமும் கேட்டு 2017 ஜனவரியில் அறிக்கை வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஆளுநர் ரிக் ஸ்காட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார்; ஜூலை 1இல் அமலுக்கு வந்தது.

நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவது ஃபுளோரிடாவில் 1996லிருந்தே குற்றம். ஆனால் அதுவரை அந்தச் சட்டத்துக்குப் பயந்தவர் குறைவு. 2017 சட்டம் தண்டனையைத் தலைக்கணக்கில் ஏற்றியது. சாதாரணமாக 50,000 டாலர் அபராதத்தோடு சிறை. விற்கப்பட்ட நோயாளிகள் பத்துப் பேரைத் தொட்டால் அபராதம் ஒரு லட்சம். இருபதைத் தொட்டால் ஐந்து லட்சம், குற்றமும் முதல் தரக் குற்றம். தலைக்கு இவ்வளவு என்று காசு எண்ணியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றே தண்டனையும் எண்ணப்பட்டது.

விளம்பரத்துக்கும் பூட்டு விழுந்தது. இணையத்தில் ஒரு மையத்தின் பெயரைப் போட்டு எண்ணைத் தேடி அழைத்தால், எங்கோ இருக்கும் கால் சென்டர் எடுத்து, அதிக கமிஷன் தரும் வேறொரு மையத்தில் தள்ளிவிடும். தாய் தகப்பன் கடைசி நம்பிக்கையோடு ராத்திரி இரண்டு மணிக்கு அழைக்கும் அழைப்பு அது. பொய்த் தகவல் கொடுத்துச் சிகிச்சைக்கு இழுப்பது இனிக் குற்றம் என்றது சட்டம். அப்படித் தொலைபேசியில் ஆள்சேர்ப்பவர்கள் தனியாக உரிமம் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. இதே 2017 செப்டம்பரில் கூகுளும் போதை சிகிச்சை தொடர்பான தேடல்களுக்கு விளம்பரம் விற்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு, வெளி நிறுவனம் ஒன்றிடம் சோதனைச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் மறுபடி திறந்தது. அரசாங்கச் சட்டத்தைவிட இது வேகமாக வேலை செய்தது என்று நினைப்பவர்கள் அத்துறையில் இருக்கிறார்கள்.

சிகிச்சை மையங்களுக்கு விழுந்த பெரிய மாற்றம் லைசென்ஸில்தான். விண்ணப்பம் போட்டால் கிடைத்தே ஆக வேண்டிய உரிமை அது என்ற நிலை போய், மக்கள் நம்பிக்கையின் பேரில் தரப்படும் சலுகை என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது. கட்டணம் கூடியது. முன்கூட்டிச் சொல்லாமல் சோதனைக்கு வரலாம். முதலாளி, இயக்குநர், கணக்கு அதிகாரி வரை கைரேகை வைத்துப் பழைய குற்றப் பதிவைப் பார்க்க வேண்டும். சாட்மேன்கள் மனைவி பெயரில் ஒளிவதை அடைக்க வந்த வழி இது.

அடைத்தது யாரை என்பதில்தான் சிக்கல். போதை சிகிச்சை என்பது விசித்திரமான தொழில். அதில் மிகச் சிறந்த ஊழியர் பெரும்பாலும் பழைய நோயாளி. நடு ராத்திரியில் ஓடிப்போகத் துடிக்கும் பையனை உட்கார வைத்துப் பேச, அதே கதவு வழியாக ஒரு காலத்தில் ஓடியவரால்தான் முடியும். அவரை ‘சக வழிகாட்டி’ என்ற பதவியில் எடுத்து வேலை வாங்குவார்கள். அவருடைய பழைய வாழ்க்கையைப் புரட்டினால் திருட்டு இருக்கும், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கு இருக்கும். இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கைரேகைச் சோதனையில் அவர்கள் கழிந்துபோனார்கள். விலக்குக் கேட்டு விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். சிலர் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். மையங்கள் கத்திய பிறகு 2019இல் விலக்கு விதிகள் தளர்ந்தன. சக வழிகாட்டிகளுக்கென்றே தனிச் சட்டம் 2022இல் வந்தது. மோசடிக்காரரைப் பிடிக்க வீசிய வலையில் மீண்டெழுந்தவர் சிக்கி வெளிவர ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொரு சங்கடம் சம்பளத்தில். சிகிச்சை மையம் ஊரில் தன்னைத் தெரியப்படுத்த ஆள் வைத்துக்கொள்வது தப்பில்லை. அந்த ஆளுக்கு, கொண்டுவரும் நோயாளிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுத்தால்? 2018 அக்டோபரில் வாஷிங்டனிலிருந்தே ஒரு சட்டம் வந்தது. போதை சிகிச்சை மையம், மீட்பு இல்லம், ஆய்வகம் மூன்றிலும் நோயாளியை அனுப்பக் காசு கைமாறினால் பத்து ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் டாலர் வரை அபராதம். அரசுக் காப்பீடு, தனியார் காப்பீடு என்ற பேதமில்லை. மற்ற மருத்துவத் துறைகளில் சாதாரணமாக நடக்கும் விற்பனைக் கமிஷன் இங்கே ஜெயில் சமாசாரம் ஆகிவிட்டது. வக்கீலைக் கேட்டுத்தான் செய்தோம் என்று தப்பிக்கப் பார்த்தவர்களுக்கு ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அந்த வாசலையும் குறுக்கியது. பெரிய மையங்கள் இதற்கென்றே வக்கீல் வைத்துக்கொண்டன. இருபது கட்டில் உள்ள சிறிய மையம் அந்தச் செலவுக்கு எங்கே போகும்? மூடியவை எல்லாம் மோசடி மையங்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் பாம் பீச்சில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. தனிப்படை நூறு பேருக்கு மேல் கைது செய்தது. புரோக்கர்கள் தெருவிலிருந்து மறைந்தார்கள், நிறைய சோபர் ஹோம்கள் மூடப்பட்டன, மாவட்டத்தில் போதைச் சாவுகளும் சில காலத்துக்கு இறங்கின. உயிர் காக்கும் நலாக்சோன் மருந்து பரவலானதும் அதற்குக் காரணம். ஆள்களே அந்த ஊரைவிட்டுப் போய்விட்டதும் காரணம். வழக்குகள் மேல்தட்டுக்கும் ஏறின. டெல்ரே பீச்சைச் சேர்ந்த டாக்டர் மைக்கேல் லிகாட்டி பல சோபர் ஹோம்களுக்கும் மையங்களுக்கும் ‘மருத்துவ இயக்குநர்’ என்று கையெழுத்துப் போட்டவர். தேவையில்லாத சிறுநீர்ச் சோதனைகள் அந்தக் கையெழுத்தில் நடந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் சுமார் 12.7 கோடி டாலர் கொடுத்திருந்தன. 2023இல் அவருக்கு 20 ஆண்டு சிறை.

ஃபுளோரிடாவில் கெடுபிடி ஏறியதும் தொழில் இடம்பெயர்ந்தது. கலிபோர்னியாவின் தெற்குக் கடற்கரையில் அதே நாடகம்; அங்கே நோயாளியை விற்பதைத் தடுக்கும் சட்டம் 2018இல் நிறைவேறி அடுத்த ஆண்டு அமலானது. அதைவிடக் கொடுமை, பாலைவன மாநிலமான அரிசோனாவில் நடந்தது.

அரிசோனா சோபர் ஹோம்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று 2018லேயே சட்டம் போட்ட மாநிலம். காகிதத்தில் பார்த்தால் ஃபுளோரிடாவைவிட ஒரு படி மேல். ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அவர்கள் எங்கே வேண்டுமானாலும் சிகிச்சை பெறலாம், முன் அனுமதி வேண்டாம் என்பது அந்த மக்களுக்கு நல்லது நினைத்துச் செய்த ஏற்பாடு. வெளிநோயாளி போதை சிகிச்சைக்கான பில் குறியீட்டுக்கு மட்டும் விலை நிர்ணயம் இல்லை. மையம் எவ்வளவு கேட்கிறதோ அதில் ஒரு பங்கை அரசு கொடுத்துவிடும். ஆயிரம் கேட்டாலும் சரி, பத்தாயிரம் கேட்டாலும் சரி.

நவஹோ பூர்வகுடியினரின் நிலப்பகுதியிலும் பக்கத்து நியூமெக்ஸிகோவிலும் தொலைவான மொன்டானாவிலும்கூட வேன்கள் வந்து நின்றன. மளிகைக்கடை வாசலில், சாலையோரத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ‘சாப்பாடு, படுக்கை, சிகிச்சை எல்லாம் தருகிறோம், வா’ என்று ஏற்றிக்கொண்டு ஃபீனிக்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பல வீடுகளில் சிகிச்சை நடக்கவில்லை. ஆள் வெளியேறாமல் இருக்கச் சாராயத்தையே வாங்கிக் கொடுத்த வீடுகளும் இருந்தன. பில் மட்டும் தினம் போனது. இறந்துபோனவர்களின் பெயரிலும் போனது. இந்த வகைச் சிகிச்சைக்கு அரசு 2019இல் கொடுத்தது 5.35 கோடி டாலர். 2022இல் 66.8 கோடி. மூன்றே வருடத்தில் பன்னிரண்டு மடங்கு ஏறிய கணக்கைப் பார்த்து எந்த அதிகாரிக்கும் முன்பே புருவம் உயராதது எப்படி என்பது இன்றுவரை அந்த மாநிலத்தின் சங்கடமான கேள்வி. மொத்த இழப்பு 200 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள்.

2023 மே 16 அன்று ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் அரசுத் தலைமை வழக்கறிஞர் கிரிஸ் மேயஸும் பூர்வகுடித் தலைவர்களோடு நின்று அறிவித்தார்கள்: நூற்றுக்கு மேற்பட்ட மையங்களுக்குப் பணம் நிறுத்தம். பிறகு அந்த எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. புதிய மையங்களைச் சேர்ப்பது ஜூனில் நிறுத்தப்பட்டது. பில் குறியீட்டுக்கு விலை வைத்தார்கள்.

பணம் நின்ற சில நாள்களில் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஃபீனிக்ஸில் கோடை வெயில் 43 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில், ஊர் தெரியாத, கையில் அடையாள அட்டையும் செல்போனும் இல்லாத மனிதர்கள் தெருவில் நின்றார்கள். மாநிலம் அவசர எண் ஒன்றைத் திறந்து, தற்காலிகமாகத் தங்க விடுதியும் ஊருக்குத் திரும்ப வண்டியும் ஏற்பாடு செய்தது. நவஹோ அரசு தன் போலீஸையும் சமூகப் பணியாளர்களையும் ஃபீனிக்ஸ் தெருக்களுக்கு அனுப்பி ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தது. ‘வானவில் பாலம்’ என்பது அந்தத் தேடலுக்கு வைத்த பெயர். 2022 வசந்தத்திலிருந்து 2024 கோடை வரை ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் சோபர் ஹோம்களிலும் சிகிச்சை மையங்களிலும் குறைந்தது 40 பூர்வகுடியினர் இறந்ததாகப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் 2025 ஜனவரியில் கணக்கெடுத்து வெளியிட்டார்கள்.

ஒழுங்கான மையங்களும் அந்த அடியில் விழுந்தன. பில்லை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பணம் என்றானதும் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. அரசுப் பணம் வராமல் சம்பளம் போட முடியாத சிறிய மையம், தானே நோயாளியை வெளியே அனுப்ப வேண்டிய கட்டம். பூர்வகுடியினர் மத்தியில் வேலை செய்த மையங்களுக்கு இன்னொரு நஷ்டமும் சேர்ந்தது: ‘சிகிச்சைக்கு வா’ என்று வேனில் வந்து அழைத்தால் இனி யார் ஏறுவார்கள்?

இரண்டு மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவு. வீட்டுக்கு லைசென்ஸ், சுவரில் சான்றிதழ், வருடம் ஒரு சோதனை என்ற சட்டங்கள் மோசடியைப் பெரிதாக அசைக்கவில்லை. அரிசோனாவில் லைசென்ஸ் இருந்தது; கொள்ளையும் இருந்தது. அசைத்தது இரண்டு: கமிஷனுக்குச் சிறை, பில்லுக்கு விலை. காப்பீடு இன்னமும் சிறுநீர்க் கோப்பைக்கும் ஆலோசனை மணிக்கும் காசு கொடுக்கிறது. ஒருவர் ஒரு வருடம் சுத்தமாக இருந்ததற்குக் கொடுப்பதில்லை. அதை மாற்றாமல் போடும் எந்தச் சட்டமும் ஓட்டையை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நகர்த்தும் வேலையைத்தான் செய்யும். 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் போதைக்குப் பலிகொடுத்த நாட்டில், சிகிச்சைக் கட்டில்களைக் குறைத்துக்கொண்டே போகும் சட்டத்தையும் கொண்டாட முடியாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில்தான் இருக்கிறார்கள். போதை சிகிச்சை தேடும் நிலை வந்து, வெளி மாநிலத்திலிருந்து ஒரு குரல் தொலைபேசியில் இலவச விமான டிக்கெட்டும் வாடகையில்லா வீடும் தருவதாகச் சொன்னால், காப்பீட்டு அட்டையின் எண்ணைச் சொல்வதற்கு முன் போனை வைத்துவிடுங்கள். ஃபுளோரிடாவில் சான்று பெற்ற சோபர் ஹோம்களின் பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. அந்தச் சான்றை வாங்குவது அங்கே இன்றும் வீட்டுக்காரரின் விருப்பம்தான்.